கன்சோலில் எழுதும் உரிமை யாருக்கு? வாசகர் கேள்வி பதில்

பல மாட்யூல்களாகப் பிரித்து எழுதிய மென்பொருளில் திரையில் எழுதுவது, பயனரிடம் கேட்டு வாங்குவது ஆகிய இரண்டைப் பற்றியே இம்முறை கேள்விகள் அதிகம். அனுப்பியவர்களில் பெரும்பாலோர் பைத்தானில் எழுதுபவர்கள் என்பதால் பதில்களும் அதையொட்டியே அமைந்திருக்கின்றன. டெர்மினல் (கட்டளை தட்டும் திரை), பைப் (ஒரு புரோகிராமின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் குழாய்), பஃபர் (எழுதுவதைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம்) பற்றிச் சொல்லியிருப்பவை மற்ற மொழிக்காரர்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: எங்கள் மென்பொருளில் இருபதுக்கும் மேற்பட்ட மாட்யூல்கள். எல்லாவற்றிலும் திரையில் எழுதும் பிரிண்ட் அழைப்பு சிதறிக் கிடக்கிறது. இப்போது வெளியீட்டை ஜேசன் வடிவில் இன்னொரு ஸ்கிரிப்டுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். நடுநடுவே "இணைக்கிறது", "முடிந்தது" என்ற வரிகள் புகுந்து, வாங்கும் பக்கம் அதைப் படித்துப் பிரிக்கும் பார்சர் பிழை காட்டி நின்றுவிடுகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: ஒவ்வொரு புரோகிராமும் தொடங்கும்போதே மூன்று வாசல்கள் திறந்திருக்கும். 0 என்பது உள்ளீடு, 1 ஸ்டாண்டர்ட் அவுட்புட், 2 ஸ்டாண்டர்ட் எரர். மூன்றாவதன் பெயரைப் பார்த்து அது பிழைகளுக்கு மட்டும்தான் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. பயனர் எதற்காகக் கட்டளையைத் தட்டினாரோ அந்த விடை மட்டும் 1-இல் போக வேண்டும். "இணைக்கிறது" வகையறா, முன்னேற்றப் பட்டை, எச்சரிக்கை, கேள்வி எல்லாம் 2-இல் போக வேண்டும். இதை மட்டும் செய்தாலே உங்கள் ஜேசன் சுத்தமாகிவிடும்.

வேலையைத் தொடங்க, எல்லா பிரிண்ட்டையும் தேடி எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். விடையைச் சொல்பவை ஒரு குவியல். நடப்பதைச் சொல்பவை இன்னொன்று. யாரோ பிழை தேடும்போது போட்டுவிட்டு மறந்தவை மூன்றாவது. பழைய புராஜெக்ட்களில் இதுதான் பெரிய குவியலாக இருக்கும். மூன்றாவதை டீபக் நிலை லாகாக (பிழை தேடும்போது மட்டும் காட்டும் பதிவாக) மாற்றுங்கள், அல்லது அழித்துவிடுங்கள். இரண்டாவதை அந்தந்த மாட்யூலின் பெயரில் எடுத்த லாகருக்கு (பைத்தானின் லாகிங் மாட்யூல் தரும், செய்திகளைப் பதியும் கருவி) இன்ஃபோ நிலையில் கொடுங்கள். முதல் குவியலில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது: விடையை அச்சிடும் ஃபங்ஷன், இனி அதைத் திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷனாக மாற வேண்டும். அதை அட்டவணையாகக் காட்டுவதா, ஜேசனாக எழுதுவதா என்பதை மேலே கட்டளையை இயக்கும் ஒரே ஒரு கோப்பு முடிவு செய்யட்டும்.

அதுவரை தாக்குப்பிடிக்க, கன்டெக்ஸ்ட்லிப் மாட்யூலில் ரீடைரக்ட்_ஸ்டடவுட் என்று ஒன்று இருக்கிறது. பழைய மாட்யூலைக் கூப்பிடும் இடத்தை அதற்குள் வைத்து, அச்சாவதை ஸ்டாண்டர்ட் எரருக்குத் திருப்பலாம். ஆனால் அது பைத்தான் மட்டத்தில் மட்டுமே வேலை செய்யும். சி மொழியில் எழுதிய நூலகமோ, நீங்கள் கிளப்பிவிட்ட துணைப் புரோகிராமோ நேரே 1-இல் எழுதுவதை அது பிடிக்காது. அதற்கு டூப்2 என்ற இயங்குதள அழைப்பால் 1 என்ற வாசலையே மாற்ற வேண்டும்.

கடைசியாக, புதிய பிரிண்ட் நுழையாமல் கதவைச் சாத்துங்கள். பைத்தான் நிரலைச் சரிபார்க்கும் ரஃப் கருவியில் டி201 என்ற விதியை இயக்கினால் பிரிண்ட் வந்த இடத்தையெல்லாம் பிழையாகக் காட்டும். வெளியீடு எழுதும் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். இந்த விதி இல்லாமல் சுத்தம் செய்தால், சில மாதங்களில் எல்லாம் பழையபடியே ஆகிவிடும்.

கேள்வி: லாகருக்கு மாறிவிட்டோம். ஆனால் சில மாட்யூல்களின் வரிகள் இரண்டு முறை வருகின்றன. சிலவற்றின் வரிகள் வருவதே இல்லை.

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: மாட்யூல்களே ஹேண்ட்லர் (லாக் வரியை உரிய இடத்தில் எழுதும் பகுதி) வைத்துக்கொள்கின்றன. ஒரு லாகரில் எழுதிய வரி, அதன் ஹேண்ட்லருக்குப் போன பிறகு மேலே உள்ள லாகருக்கும், கடைசியில் உச்சியில் இருக்கும் ரூட் லாகருக்கும் ஏறும். இடையில் எத்தனை ஹேண்ட்லர் இருக்கிறதோ அத்தனை முறை அச்சாகும். மாட்யூல்களில் இருக்கும் ஹேண்ட்லர்களை எல்லாம் நீக்கிவிட்டு, மெயினில் ரூட்டுக்கு ஒன்றே ஒன்றை வையுங்கள். வெளியாருக்குக் கொடுக்கும் நூலகமாக இருந்தால் எதையும் எழுதாத நல்ஹேண்ட்லர் மட்டும் போதும்.

வராமல் போகும் வரிகளுக்கு இரண்டு காரணங்கள். ரூட்டின் தொடக்க நிலை வார்னிங், அதாவது 30. இன்ஃபோ 20, டீபக் 10, இரண்டும் வடிகட்டப்பட்டுவிடும். இன்னொன்று: லாகிங்கை அமைக்கும் பேசிக்கான்ஃபிக் அழைப்பு, ரூட்டில் ஏற்கெனவே ஹேண்ட்லர் இருந்தால் ஒன்றும் செய்யாமல் அமைதியாகத் திரும்பிவிடும். ஏதோ ஒரு மாட்யூல் இம்போர்ட் ஆகும்போதே அதைக் கூப்பிட்டிருந்தால், மெயினில் நீங்கள் எழுதிய அமைப்பு வீண். 3.8 பதிப்பிலிருந்து ஃபோர்ஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்து அதை மீறலாம். ஆனாலும் குற்றவாளி மாட்யூலைத் தேடித் திருத்துவதே நல்லது.

கேள்வி: உள்ளேயே கட்டளை வாங்கும் ப்ராம்ப்ட் ஒன்று வைத்திருக்கிறோம். பயனர் பாதி தட்டிக்கொண்டிருக்கும்போது பின்னணி த்ரெட்டிலிருந்து (அதே புரோகிராமுக்குள் கூடவே ஓடும் வேலையிலிருந்து) ஒரு செய்தி வந்தால், அவர் தட்டியதன் மேலேயே அது ஒட்டிக்கொள்கிறது. என்டர் தட்டினால் எது போகிறது என்றே தெரியவில்லை என்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் எழுதும்படி பூட்டு போட்டும் பயனில்லை.

பதில்: பூட்டால் தீராத சிக்கல் இது. சாதாரண இன்புட் அழைப்பில், என்டர் தட்டும்வரை பயனரின் எழுத்துகள் உங்கள் புரோகிராமுக்கு வருவதே இல்லை. இயங்குதளத்தின் டெர்மினல் டிரைவர் அவற்றைத் தன் பஃபரில் பிடித்து வைத்திருக்கும். திரையில் எதிரொலிப்பதும் அதுதான். பயனர் தட்டிய பாதி வரி உங்களிடம் இல்லாதபோது, செய்திக்குக் கீழே அதைத் திரும்ப எழுதுவது எப்படி? (இந்தப் பஃபருக்கு லினக்ஸில் ஒரு எல்லையும் உண்டு: வரிமுடிவையும் சேர்த்து 4096 பைட். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், ஒரே வரியில் 1365 குறிகளுக்கு மேல் ஒட்டினால் மிச்சம் போய்விடும்.)

ஆகவே வரியைத் திருத்தும் பொறுப்பை உங்கள் பக்கம் எடுத்துக்கொள்ளும் நூலகம் ஒன்று வேண்டும். அது டெர்மினலை எழுத்து எழுத்தாக வாங்கும் நிலைக்கு மாற்றி, தட்டியதைத் தானே வைத்துக்கொள்ளும். பின்னணிச் செய்தி வந்தால் நான்கு காரியம் நடக்க வேண்டும். கர்சரை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், வரியை அழித்து, செய்தியை வரிமுடிவோடு எழுதி, ப்ராம்ப்ட்டையும் பாதி வரியையும் திரும்ப வரைவது. பயனர் தட்டியது இரண்டு மூன்று வரிகளாக மடிந்திருந்தால் ஒரு வரியை அழிப்பது போதாது. மடிந்த அளவுக்கு மேலே ஏறி, அங்கிருந்து திரையின் அடிவரை அழிக்க வேண்டும். கையால் எழுதுபவர்கள் தவறவிடும் இடம் இதுதான்.

பைத்தானில் ப்ராம்ப்ட்_டூல்கிட் நூலகத்தின் பேட்ச்_ஸ்டடவுட் இதையெல்லாம் செய்துவிடும். ஜாவாவில் ஜேலைனின் பிரிண்ட்அபவ் இதே வேலைக்குத்தான். பேட்ச்_ஸ்டடவுட்டில் இரண்டு இடங்களில் கால் இடறும். லாக் ஹேண்ட்லர், அது உருவாகும் நொடியில் இருக்கும் ஸ்டாண்டர்ட் எரரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பேட்ச் போடுவதற்கு முன்பே ஹேண்ட்லர் உருவாகியிருந்தால், அதன் வரிகள் பழைய வழியிலேயே போய்ப் பழையபடியே திரையைக் கெடுக்கும். பேட்ச் போட்ட பிறகு ஹேண்ட்லரை உருவாக்குங்கள். அடுத்தது நிறம்: வண்ணக் குறியீடுகளை அது தானாகவே முடக்கிவிடுவதால் திரையில் கேள்விக்குறியும் சதுர அடைப்பும் எண்களும் தெரியும். ரா என்ற விருப்பத்தை ட்ரூ ஆக்கினால் சரியாகும்.

பல த்ரெட்கள் எழுதும் இடத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். பிரிண்ட் தன் உரையையும் வரிமுடிவையும் தனித்தனியாக எழுதுவதால், இரண்டு த்ரெட் மோதினால் இரண்டு உரைகள் ஒட்டி, பின்னால் இரண்டு வெற்று வரிமுடிவுகள் வரும். எல்லாரும் ஒரு க்யூவில் போட, ஒரே ஒரு த்ரெட் எடுத்து எழுதட்டும். லாகிங்கில் க்யூஹேண்ட்லர், க்யூலிஸனர் ஜோடி இதற்காகவே இருக்கிறது.

இப்படிப்பட்ட நூலகம் ஓடும்போது புரோகிராமை வலுக்கட்டாயமாகக் கொன்றால், டெர்மினல் தட்டுவதைக் காட்டாமல் ஊமையாகிவிடும். ரீசெட் என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டி என்டர் அடியுங்கள். என்டரும் எடுபடவில்லை என்றால் கன்ட்ரோல்–ஜே.

கேள்வி: ப்ராம்ப்ட்டுக்குப் பச்சை நிறம் கொடுத்தேன். நீளமாகத் தட்டினால் வரி மடியாமல் அதே வரியின் தொடக்கத்தில் மேலெழுதுகிறது.

பதில்: தட்டும் வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் நூலகம் வண்ணக் குறியீடுகளையும் இடம் பிடிக்கும் எழுத்துகளாக எண்ணிவிடுகிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னால் 1 என்ற மதிப்புள்ள கட்டுப்பாட்டு எழுத்தையும், பின்னால் 2 மதிப்புள்ளதையும் வையுங்கள். நடுவில் இருப்பது அகலக் கணக்கில் சேராது. நிறத்தை மீட்கும் குறியீட்டையும் அதேபோல் சுற்ற மறக்காதீர்கள். பலர் முதலாவதை மட்டும் சுற்றிவிட்டுத் திணறுகிறார்கள்.

கேள்வி: டெர்மினலில் ஓட்டினால் வரிகள் உடனுக்குடன் வருகின்றன. கன்டெய்னரில் ஓட்டினால் லாக் பல நிமிடம் காலியாகவே இருக்கிறது. பிறகு மொத்தமாகக் கொட்டுகிறது. கொன்றுவிட்டால் கடைசிப் பகுதி காணவே காணோம். வரிசையும் மாறியிருக்கிறது: பிழைச் செய்தி முதலில், அதற்குக் காரணமான வரி பிறகு.

பதில்: ஸ்டாண்டர்ட் அவுட்புட் எதிரில் டெர்மினல் இருந்தால் வரிக்கு வரி வெளியே போகும். கோப்போ பைப்போ இருந்தால் பஃபர் நிரம்பும்வரை காத்திருக்கும். பைத்தானில் அது பொதுவாக 8192 பைட். சின்னச் சின்ன வரிகளாக எழுதும் புரோகிராமுக்கு அதை நிரப்பவே பல நிமிடம் ஆகும். ஒழுங்காக முடிந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுத்தான் போகும். கில் சிக்னல் 9-இல் செத்தால் பஃபரில் இருந்தது போனது போனதுதான். ஸ்டாண்டர்ட் எரரோ பைத்தான் 3.9 முதல் எப்போதும் வரிக்கு வரி எழுதுகிறது. அதனால்தான் அது முந்திக்கொண்டு வருகிறது.

கன்டெய்னரில் பைத்தான்அன்பஃபர்டு என்ற சூழல் மாறிக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்துவிடுங்கள். மாட்யூல் மாட்யூலாகப் போய் ஃப்ளஷ் (பஃபரில் இருப்பதை உடனே வெளியே தள்ளுவது) போடுவது வேண்டாத வேலை. விதிவிலக்கு ஒன்று உண்டு: துணைப் புரோகிராமைக் கிளப்பும் முன் உங்கள் பஃபரை ஃப்ளஷ் செய்யுங்கள். இல்லையென்றால் "தொடங்குகிறது" என்ற உங்கள் வரி, அந்தப் புரோகிராம் முழுக்க எழுதி முடித்த பிறகு வந்து நிற்கும்.

ஸ்டட்பஃப் கட்டளையைப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். அது சி நூலகத்தின் பஃபரை மாற்றுவது. பைத்தான் 3 தன் பஃபரைத் தானே வைத்திருப்பதால் அங்கே அது செல்லாது. டாக்கரில் டி விருப்பத்தைச் சேர்த்துச் சரியாகிவிட்டது என்று இருந்துவிடவும் வேண்டாம். அது போலி டெர்மினலைக் கொடுப்பதால் வரிகள் உடனே வருவது உண்மைதான். ஆனால் 1, 2 இரண்டும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். முதல் கேள்விக்காரர் பாடுபட்டுப் பிரித்தது வீணாகும்.

கேள்வி: ஸ்டாண்டர்ட் அவுட்புட், ஸ்டாண்டர்ட் எரர் இரண்டையும் ஒரே கோப்பில் எழுத 2>&1 போட்டேன். பிழைகள் இன்னும் திரையில்தான் வருகின்றன.

பதில்: கோப்புப் பெயருக்கு முன்னால் போட்டிருப்பீர்கள். ஷெல் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. "1 இப்போது எங்கே போகிறதோ அங்கே 2-ஐயும் அனுப்பு" என்பதுதான் அதன் பொருள். அந்த நேரத்தில் 1 திரைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. முதலில் > கோப்பு, பிறகு 2>&1.

கேள்வி: "நீக்கலாமா?" என்று கேட்கும் கட்டளை ஒன்று உண்டு. இரவில் தானாக ஓடும்போது ஒரு சர்வரில் இஓஎஃப்எரர் (உள்ளீடு முடிந்துவிட்டது என்ற பிழை) வந்து விழுகிறது. இன்னொன்றில் விடியும்வரை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: முதல் சர்வரில் உள்ளீடு வெற்றுச் சாதனத்தோடு இணைந்திருக்கிறது; படித்த உடனே "முடிந்தது" என்ற பதில் வந்துவிடும். லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி கிளப்புபவற்றில் வழக்கமாக அப்படித்தான். இரண்டாவதில் உள்ளீடு திறந்திருக்கிறது, எழுத ஆளில்லை. அதனால் காத்திருக்கிறது.

கேட்பதற்கு முன் உள்ளீடு டெர்மினலா என்று இஸ்ஏடிடிஒய் அழைப்பால் பாருங்கள். டெர்மினல் இல்லை என்றால் கேட்காதீர்கள். "ஆம்" என்று தானாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. எந்த விருப்பத்தைக் கொடுத்தால் கேட்காமல் நீக்கும் என்பதைச் சொல்லி, பூஜ்யம் அல்லாத குறியீட்டோடு வெளியேறுங்கள். கேள்வியையும் ஸ்டாண்டர்ட் எரரிலேயே எழுதுங்கள். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிய பயனருக்குக் கேள்வியே தெரியாமல் போவது அப்போது நடக்காது. மூன்று வாசலையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்: கேட்கலாமா என்பதற்கு 0, விடைக்கு நிறம் போடலாமா என்பதற்கு 1, முன்னேற்றப் பட்டை காட்டலாமா என்பதற்கு 2. ஒன்றை மட்டும் பார்த்து மூன்றுக்கும் முடிவெடுப்பதால்தான் கோப்புக்குள் வண்ணக் குறியீடுகள் போய் விழுகின்றன.

கடவுச்சொல் கேட்க கெட்பாஸ் மாட்யூல் இருக்கிறது. யுனிக்ஸில் அது டெர்மினலை நேரடியாகத் திறப்பதால் பைப்பிலும் வேலை செய்யும். கட்டளை வரியிலேயே கடவுச்சொல்லை வாங்கும் மாட்யூல் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் அது எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: விண்டோஸில் தமிழ்ச் செய்திகள் திரையில் நன்றாக வருகின்றன. கோப்புக்குத் திருப்பினால் சார்மேப் என்று தொடங்கும் பிழையோடு புரோகிராம் விழுகிறது. அட்டவணையின் நெடுவரிசைகளும் கோணலாக இருக்கின்றன.

பதில்: பைத்தான் 3.6-இலிருந்து விண்டோஸ் கன்சோலுக்கு யூனிகோடில் எழுதுகிறது. கோப்பு, பைப் என்றால் மட்டும் கணினியின் பழைய கோட்பேஜுக்கு (ஒரு சில மொழிகளுக்கு மட்டுமான எழுத்துப் பட்டியலுக்கு) போய்விடுகிறது. அதில் தமிழுக்கு இடமில்லை. பைத்தான்யூடிஎஃப்8 சூழல் மாறிக்கு 1 கொடுங்கள், அல்லது மெயினின் முதல் வேலையாக ரீகான்ஃபிகர் அழைப்பால் இரண்டு வெளியீடுகளையும் யூடிஎஃப்-8 ஆக்குங்கள். இரண்டும் 3.7 முதல் உண்டு. ஸ்டாண்டர்ட் எரர் இப்படி விழாது. எழுத முடியாத குறியைப் பின்சாய்வுக் கோடும் எண்ணுமாக மாற்றி எழுதிவிடும். லாக் கோப்பில் அப்படி வரிகள் கிடந்தால் நோய் இதுதான்.

கோணலுக்கு மருந்து அவ்வளவு எளிதல்ல. "தமிழ்" என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. நீளம் கேட்டால் 5. யூடிஎஃப்-8இல் 15 பைட். அகலம் கணக்கிடும் நூலகங்களுக்குள்ளும் சிக்கல் உண்டு: புள்ளியும் ஈகாரக் குறியும் யூனிகோடில் இடம் பிடிக்காத வகை, மற்ற உயிர்க்குறிகள் இடம் பிடிக்கும் வகை. டெர்மினலின் எழுத்துரு இந்தக் கணக்கை மதிப்பதில்லை. போதாக்குறைக்கு, "கோ" என்பதை இரண்டு குறியாகவும் தட்டலாம், மூன்று குறியாகவும் தட்டலாம். சேர்க்கக்கூடிய குறிகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் இரண்டாகிவிடும். எல்லா டெர்மினலிலும் நேராக வரும் தமிழ் அட்டவணை கிடையாது. எண், தேதி, நிலை போன்றவற்றை முன்னால் வைத்து, தமிழ் வரும் நெடுவரிசையைக் கடைசியில் தள்ளுங்கள். அதற்கு வலப்பக்கம் எதுவும் இல்லாதபோது கோணினாலும் தெரியாது.

கேள்வி: மாட்யூல்களே தங்கள் கட்டளைகளைப் பதிவு செய்யும் அமைப்பு. இரண்டு மாட்யூல்கள் ஒரே பெயரில் பதிவு செய்தால், கடைசியாக லோடு ஆனது ஜெயிக்கிறது. வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில்: மோதலைப் பதிவு செய்யும் இடத்திலேயே பிடித்து, இரு மாட்யூல்களின் பெயரையும் சொல்லி நிறுத்துங்கள். லோடு ஆகும் வரிசை கணினிக்குக் கணினி மாறும். உங்களிடம் சரியாக ஓடுவது அடுத்தவரிடம் வேறு கட்டளையை இயக்கும். பெயருக்கு முன்னால் மாட்யூல் பெயரைச் சேர்ப்பது பாதுகாப்பு.

மாட்யூல் கொடுக்க வேண்டியவை பெயர், ஒருவரி உதவி, வாங்கும் மதிப்புகள், இயக்கும் ஃபங்ஷன் இருக்கும் இடம். ஃபங்ஷனையே இம்போர்ட் செய்து கொடுத்தால், உதவி கேட்டாலே எல்லா மாட்யூலும் லோடாகி விநாடிக்கணக்கில் இழுக்கும். கட்டளை வரியைப் படிக்க ஆர்க்பார்ஸ் மாட்யூலைப் பயன்படுத்தினால் அலவ்_அப்ரிவ் விருப்பத்தை அணைத்துவிடுங்கள். சுருக்கி எழுதிய விருப்பங்களை அது ஏற்பதால், நாளை அதே எழுத்துகளில் தொடங்கும் புதிய விருப்பம் ஒன்றைச் சேர்த்ததும் பிறர் எழுதிய ஸ்கிரிப்ட் உடையும்.

ப்ராம்ப்ட்டில் வாங்கிய வரியை ஷ்லெக்ஸ் மாட்யூல் கொண்டு சொல் சொல்லாகப் பிரிப்பவர்கள், மூடாத மேற்கோள் குறிக்கு வேல்யூஎரர் வரும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். அதைப் பிடிக்கவில்லை என்றால் ஒரு குறி தவறியதற்கு முழு ப்ராம்ப்ட்டும் இறந்துவிடும். விண்டோஸ் பாதைகளின் பின்சாய்வுக் கோட்டையும் அது விழுங்கும். ப்ராம்ப்ட்டில் கன்ட்ரோல்–சி என்பது பயனர் அதுவரை தட்டிய வரியை மட்டும் ரத்து செய்யட்டும், வெளியேற கன்ட்ரோல்–டி. ஒற்றைக் கட்டளையாக ஓடும்போது கன்ட்ரோல்–சிக்கு வெளியேறும் குறியீடு 130, தவறான விருப்பத்துக்கு 2.

கேள்வி: வெளியீட்டைச் சோதிக்க, பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் அச்சாவதைப் பிடித்துத் தரும் கேப்ஸிஸ் வைத்திருக்கிறோம். துணைப் புரோகிராம் எழுதுவது மட்டும் அதில் சிக்கவில்லை.

பதில்: கேப்ஸிஸ் பைத்தான் மட்டத்தில் பிடிப்பது. கேப்எஃப்டி என்று மாற்றுங்கள். அது 1, 2 வாசல்களையே பிடிக்கும். அந்தத் துணைப் புரோகிராமின் இரு வெளியீடுகளையும் நீங்களே தனித்தனிப் பைப்பில் வாங்கினால், ஒன்றை முழுதும் படித்துவிட்டு மற்றதைப் படிக்கலாம் என்று இருக்காதீர்கள். லினக்ஸில் ஒரு பைப் 65,536 பைட்தான் கொள்ளும். படிக்காதது நிரம்பியதும் அது எழுத முடியாமல் நிற்கும், நீங்கள் படிக்க வழியில்லாமல் நிற்பீர்கள். கம்யூனிகேட் அழைப்பு இரண்டையும் சேர்த்தே படித்துவிடும்.